ஓஐடி, மிப், போர்ட் எண்: செட்டிநாட்டு விடுதி, கல்லூரி நெட்வொர்க்குகளைப் பராமரிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பழைய வீடுகள் பல இன்று தங்கும் விடுதிகளாக இயங்குகின்றன. சுவர் கனம் என்பதால் ஒரே ஆக்சஸ் பாயிண்டில் முகப்பிலிருந்து மூன்றாங்கட்டு வரை வைஃபை எட்டாது. ஆகவே கட்டுக்கு ஒன்றிரண்டு ஆக்சஸ் பாயிண்ட், அவற்றுக்கு ஸ்விட்ச், ஸ்விட்சுக்கு யூபிஎஸ் என்று கருவிகள் பெருகிவிடுகின்றன. கல்லூரிகளில் இன்னும் அதிகம். இவற்றை எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளிடம் அவற்றின் நிலையைக் கேட்டறியும் நெறிமுறை) வழியாகக் கண்காணிப்பவர்களுக்கு வரும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் முளைக்கின்றன: கருவி தன் தகவலுக்குக் கொடுக்கும் எண் எதைக் குறிக்கிறது, அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில்.

ஸ்விட்ச் தன்னைப் பற்றிய தகவலை எப்படி வைத்திருக்கிறது?

ஸ்விட்சுக்குள் ஏஜென்ட் என்ற சிறு நிரல் ஓடுகிறது. உங்கள் கண்காணிப்புக் கணினி யூடிபி 161-ஆம் போர்ட்டில் (இது மென்பொருள் போர்ட் எண், கேபிள் செருகும் போர்ட் அல்ல) அதனிடம் கேள்வி கேட்கும். ஏதாவது நடந்தால் ஏஜென்ட் தானாக அனுப்பும் ட்ராப், உங்கள் கணினியின் 162-ஆம் போர்ட்டுக்கு வரும். கேள்வியிலும் பதிலிலும் தகவலின் பெயர் எதுவும் போவதில்லை. ஓர் எண்தொடர், அதன் மதிப்பு, அந்த மதிப்பின் வகை, இவ்வளவுதான். அந்த எண்தொடருக்குப் பெயர் ஓஐடி. எந்த எண்தொடருக்கு என்ன பொருள், என்ன அலகு என்று எழுதிவைத்த உரைக்கோப்பு மிப். மிப் கோப்பு தேவைப்படுவது உங்கள் கணினிக்குத்தான். ஸ்விட்சில் அதை ஏற்ற வேண்டியதில்லை.

1.3.6.1.2.1.1.5.0 என்று வருகிறதே, இதை எப்படிப் படிப்பது?

இடமிருந்து வலமாக, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கிளை இறங்கிக்கொண்டே போங்கள். நகரத்தாரிடம் ஒருவரை அடையாளம் சொல்லும்போது இளையாத்தங்குடிக் கோவில், அதில் ஒக்கூருடையார் பிரிவு, பிறகு ஊர், பிறகு வீட்டு விலாசம் என்று இறங்குவார்கள் அல்லவா, அதே ஒழுங்குதான். மேலே உள்ளவர் தனக்குக் கீழே எண் கொடுக்கும் உரிமையை அடுத்தவரிடம் விட்டுவிடுகிறார். அதனால் உலகத்தில் எங்கே யார் புது எண் உண்டாக்கினாலும் இரண்டு எண்கள் மோதுவதில்லை.

முதல் 1 ஐஎஸ்ஓ, அதாவது சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு. 3 அதன் கீழுள்ள அமைப்புகள். 6 அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. இணையம் அங்கே பிறந்ததால் இந்த இடம். அடுத்த 1 இண்டர்நெட். 2 மேலாண்மை. அடுத்த 1 மிப்-2, அதாவது 1991-இல் ஆர்எஃப்சி 1213 என்ற இணையத் தரநிலை ஆவணம் வகுத்த பொதுத் தொகுப்பு. அதற்கடுத்த 1 சிஸ்டம் குழு. 5 சிஸ்நேம், கருவிக்கு நீங்கள் வைத்த பெயர். கடைசி 0 பற்றி அடுத்த கேள்வியில்.

நீங்கள் தினமும் தொடப்போவது இரண்டே கிளைகள். 1.3.6.1.2.1 என்று தொடங்கினால் எல்லா நிறுவனத்துக்கும் பொது. 1.3.6.1.4.1 என்று தொடங்கினால் அடுத்து வருவது ஒரு தயாரிப்பாளரின் சொந்த எண்.

கடைசியில் 0 போடாவிட்டால் என்ன ஆகும்?

மதிப்பு வராது. 1.3.6.1.2.1.1.5 என்பது சிஸ்நேம் என்ற வகையை மட்டும் குறிக்கும். மதிப்பு இருப்பது அதன் இன்ஸ்டன்ஸில். கருவிக்கு ஒன்றே ஒன்று என்று இருக்கும் தகவல்களுக்கு இன்ஸ்டன்ஸ் எப்போதும் 0. அதை விட்டுவிட்டுக் கெட் கட்டளை கொடுத்தால் எஸ்என்எம்பி பதிப்பு 2சி-யில் ‘நோ சச் இன்ஸ்டன்ஸ்’ என்று திரும்பும், பதிப்பு 1-இல் ‘நோ சச் நேம்’. வாக் கட்டளை மட்டும் 0 இல்லாமலும் வேலை செய்யும், ஏனென்றால் அது கொடுத்த எண்ணுக்கு அடுத்தது எது என்று கேட்டுக்கொண்டே போகிறது. வாக்கில் வந்தது கெட்டில் வரவில்லை என்ற குழப்பம் பெரும்பாலும் இதனால்தான்.

24 போர்ட் ஸ்விட்சில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி ஓஐடி உண்டா?

உண்டு. போர்ட்டுகள் அட்டவணையாக இருக்கின்றன. 1.3.6.1.2.1.2.2.1.8.7 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1.3.6.1.2.1.2.2 இடைமுகங்களின் அட்டவணை, அடுத்த 1 அதன் வரிசை, 8 நெடுவரிசை, 7 எந்த இடைமுகம் என்ற குறியீடு. 8-ஆம் நெடுவரிசை போர்ட் உண்மையில் ஓடுகிறதா என்பது: 1 என்றால் அப், 2 என்றால் டவுன். 7-ஆம் நெடுவரிசை நிர்வாகி அதை ஓட வைத்திருக்கிறாரா என்பது. 7-இல் 1, 8-இல் 2 என்றால் கேபிளையோ எதிர்முனைக் கருவியையோ பாருங்கள். இரண்டிலும் 2 என்றால் யாரோ அமைப்பில் அணைத்துவைத்திருக்கிறார்கள். ஏணியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

வாக் செய்யும்போது போர்ட் வாரியாக வராது, நெடுவரிசை வாரியாக வரும்: முதலில் எல்லாப் போர்ட்டின் குறியீடும், பிறகு எல்லாப் போர்ட்டின் விவரமும், இப்படி. வரிசை ஒவ்வொரு எண்ணையும் எண்ணாகவே ஒப்பிட்டு அமைகிறது, எழுத்தாக அல்ல. ஆகவே 9-க்குப் பிறகு 10 வரும். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதி ஓஐடிகளை எழுத்தாக அடுக்கினால் 1-க்குப் பக்கத்தில் 10 வந்து உட்கார்ந்துவிடும்.

குறியீடு ஒற்றை எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஐபி முகவரியே நான்கு எண்ணாக வரலாம், கருவியின் வன்பொருள் முகவரியான மேக் முகவரி ஆறு எண்ணாக வரலாம். அதன் பயன் அடுத்த கேள்வியில்.

கேபிள் தேக்கு மச்சுக்கு மேலே போகிறது, பிரிக்க முடியாது. ஒரு கருவி எந்த ஸ்விட்சில் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய வீட்டில் எஸ்என்எம்பி தன் அருமையைக் காட்டுவது இங்கேதான். கருவியின் மேக் முகவரி 00:25:90:12:34:56 என்று வைத்துக்கொள்வோம். இது பதினாறடிமானம். ஒவ்வொரு ஜோடியையும் பதின்மத்துக்கு மாற்றினால் 0.37.144.18.52.86.

முதலில் அந்தக் கருவிக்கு ஒரு பிங் கொடுங்கள். ஸ்விட்சுகள் பொதுவாக 300 நொடி பேசாத மேக் முகவரியை மறந்துவிடும். பிறகு ஸ்விட்சிடம் 1.3.6.1.2.1.17.4.3.1.2.0.37.144.18.52.86 என்று கேளுங்கள். பதிலாக 11 என்று வந்தால் அது பிரிட்ஜ் போர்ட் எண். ஸ்விட்சின் முகப்பில் அச்சிட்டிருக்கும் எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1.3.6.1.2.1.17.1.4.1.2.11 என்று கேட்டால் அதற்குரிய இடைமுகக் குறியீடு கிடைக்கும். அந்தக் குறியீட்டை 1.3.6.1.2.1.31.1.1.1.1 என்பதன் பின்னால் சேர்த்துக் கேட்டால்தான் போர்ட்டின் உண்மையான பெயர் வரும்.

இந்த மூன்று படியில் நடுப்படியைத் தாண்டிவிடுபவர்கள் தவறான போர்ட்டைப் பிடுங்குகிறார்கள். வரவேற்பறையின் பில்லிங் கணினி நின்றுபோவது இப்படித்தான்.

முதல் கேள்விக்கே பதில் வராவிட்டால் ஸ்விட்ச் விலான் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) வாரியாக வைத்திருக்கலாம். அப்போது அட்டவணை 1.3.6.1.2.1.17.7.1.2.2.1.2, குறியீட்டில் மேக் முகவரிக்கு முன்னால் விலானுக்குரிய எண் ஒன்று சேரும். பழைய சிஸ்கோ ஸ்விட்சுகளில் கம்யூனிட்டி பெயருக்கு (கடவுச்சொல் போல அனுப்பும் சொல்) பின் @ குறியும் விலான் எண்ணும் சேர்த்துக் கேட்க வேண்டும். இன்னொன்று: ஒரே மேக் முகவரி எல்லா ஸ்விட்சிலும் தெரியும், அடுத்த ஸ்விட்சோடு இணைக்கும் அப்லிங்க் போர்ட்டிலும் அது பதிவாவதால். எந்தப் போர்ட்டில் அந்த முகவரி மட்டும் தனியாக இருக்கிறதோ அதுவே நீங்கள் தேடும் இடம்.

மின்சாரம் போய் வந்த பிறகு கிராஃபுகள் இடம் மாறிவிட்டன. மூன்றாங்கட்டு ஆக்சஸ் பாயிண்டின் கிராஃபில் இணைய இணைப்பின் அளவு தெரிகிறது. ஏன்?

இடைமுகக் குறியீடு மாறிவிட்டது. எஸ்என்எம்பி-யில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயம் இது. 7 என்ற குறியீடு 7-ஆம் போர்ட்டின் பெயர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தரநிலை கொடுக்கும் வாக்குறுதி அவ்வளவு பெரியதல்ல: ஒரு தடவை ஏஜென்ட் தொடங்கியதிலிருந்து அடுத்த தடவை தொடங்கும் வரை குறியீடு மாறாது என்பது மட்டுமே ஆர்எஃப்சி 2863 கேட்பது. ரீபூட் ஆனால் புதிதாக எண்ணிக் கொடுக்கக் கருவிக்கு உரிமை உண்டு. ஒரு மாட்யூல் சேர்த்தாலும், ஒரு விலான் இடைமுகம் நீக்கினாலும் அடுத்த ரீபூட்டில் எண்கள் நகரலாம்.

இன்னும் மோசமானது பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) வழியாக வரும் ஃபைபர் இணைப்பு. லினக்ஸ் அடிப்படையிலான பல ரவுட்டர்களில் அந்த இடைமுகம் ஒவ்வொரு முறை இணைப்பு அறுந்து மீண்டும் சேரும்போதும் புதிதாக உருவாகிறது, புதுக் குறியீடு பெறுகிறது. ரீபூட் கூடத் தேவையில்லை. ஐப்பசி மழையில் லைன் நாலு தடவை அறுந்தால் நாலு குறியீடு.

இதற்கு வழி, குறியீட்டைச் சேமிக்காமல் பெயரைச் சேமிப்பது. 1.3.6.1.2.1.31.1.1.1 அட்டவணையில் 1-ஆம் நெடுவரிசை கருவியே போர்ட்டுக்குக் கொடுக்கும் பெயர், 18-ஆம் நெடுவரிசை நீங்கள் எழுதும் விவரம். 18-இல் எழுதியதை ரீபூட்டுக்குப் பிறகும் கருவி அதே இடைமுகத்துக்கு வைத்திருக்க வேண்டும் என்பது தரநிலை. சாபிக்ஸ், லிப்ரேஎன்எம்எஸ் என்ற கண்காணிப்பு நிரல்கள் இரண்டிலுமே போர்ட்டைப் பெயரால் அடையாளம் காண வைக்க முடியும். அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். சிஸ்கோ ஐஓஎஸ் கருவிகளில் ‘எஸ்என்எம்பி-சர்வர் ஐஎஃப்இண்டெக்ஸ் பெர்சிஸ்ட்’ என்ற கட்டளை குறியீடுகளையே நிலையாக வைத்துக்கொள்ளும். கட்டளை கொடுத்த கையோடு அமைப்பைச் சேமியுங்கள். சேமிக்காமல் மின்சாரம் போனால் கட்டளையும் போய்விடும்.

கருவியை அடையாளம் காண்பதிலும் இதே கவனம் வேண்டும். முகவரியைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி கொடுக்கும் ஐபி முகவரி மாறும். சிஸ்நேமையும், 1.3.6.1.2.1.47.1.1.1.1.11 நெடுவரிசையில் வரும் சீரியல் எண்ணையும் பதிவேட்டில் எழுதுங்கள். மலிவான ஸ்விட்சுகள் பலவற்றில் 47-ஆம் கிளையே இருக்காது. அங்கே அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

இட விவரத்தைத் தமிழில் எழுதலாமா?

கருவி இருக்கும் இடத்தை எழுதும் சிஸ்லொகேஷனிலும் போர்ட் விவரத்திலும் வேண்டாம். இரண்டும் ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) எழுத்துக்கு மட்டுமான வகை. ‘வளவு’ என்று தமிழில் எழுதினால் சில கருவிகள் ஏற்காது, சில ஏற்றுக்கொண்டு பதிலில் வெறும் பதினாறடிமான எண்களாகத் திருப்பித் தரும். போர்ட் விவரத்தின் உச்ச அளவு 64 பைட். யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும், ஆகவே 21 குறிக்கு மேல் நுழையாது. ஆங்கில எழுத்தில் ஊர், கட்டடம், கட்டு, ரேக் என்ற ஒரே வரிசையில் எல்லாக் கருவியிலும் எழுதுங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீட்டுக்காரர்கள் சொல்லும் பெயரையே ஆங்கில எழுத்தில் எழுதுவது நல்லது. இரவில் போன் வரும்போது சமையல்காரருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும்.

500 எம்பிபிஎஸ் இணைப்பில் கிராஃப் 100-ஐத் தாண்டுவதே இல்லை. இணைப்பில் கோளாறா?

முதலில் கவுண்டரைப் பாருங்கள். பழைய அட்டவணையின் 10, 16 நெடுவரிசைகள் உள்ளே வந்த, வெளியே போன பைட்டுகளை 32 பிட்டில் எண்ணுகின்றன. 4,294,967,295 வரை எண்ணி மறுபடி 0-விலிருந்து தொடங்கும். 1 ஜிபிபிஎஸ் முழு வேகத்தில் சுமார் 34 நொடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். 500-இல் 69 நொடி. நீங்கள் 5 நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டால் நடுவில் நாலு சுற்று ஓடியிருக்கும். கண்காணிப்பு நிரலுக்கு ஒரு சுற்று மட்டுமே தெரியும். 100 எம்பிபிஎஸ்ஸில் ஒரு சுற்றுக்கு 344 நொடி ஆவதால் 5 நிமிட இடைவெளி மயிரிழையில் தப்புகிறது. கிராஃப் 100-ஐ ஒட்டி முட்டி நிற்பதன் காரணம் அதுவே.

1.3.6.1.2.1.31.1.1.1.6 உள்ளே, 1.3.6.1.2.1.31.1.1.1.10 வெளியே. இவை 64 பிட். இவற்றுக்கு மாறுங்கள். பதிப்பு 1-க்கு 64 பிட் கவுண்டர் தெரியாது. கருவி பதிப்பு 1-இல் சேர்க்கப்பட்டிருந்தால் இந்த ஓஐடிகள் இல்லவே இல்லை என்று பதில் வரும். 2சி-க்கோ 3-க்கோ மாற்றினால் அதே கருவியில் வந்துவிடும்.

இதே குடும்பத்தில் இன்னொரு சிக்கல், சிஸ்அப்டைம். நொடியில் நூறில் ஒரு பங்காக 32 பிட்டில் எண்ணுவதால் 497 நாளில் 0-க்குத் திரும்பும். ரீபூட் ஆனதாக எச்சரிக்கை வரும், கருவி நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். லினக்ஸ் சர்வர்களில் ஏஜென்டை மட்டும் நிறுத்தித் தொடங்கினாலும் இது 0 ஆகும். சர்வரின் உண்மையான ஓட்டநேரம் 1.3.6.1.2.1.25.1.1.0-இல் இருக்கிறது.

1.3.6.1.4.1-க்குப் பிறகு வரும் எண்ணை யார் கொடுக்கிறார்கள்?

இணைய எண்களை ஒதுக்கும் ஐயானா அமைப்பு. கட்டணம் இல்லை. சிஸ்கோ 9, எச்பி 11, டி-லிங்க் 171, ஏபிசி 318, ஹுவாவே 2011, டிபி-லிங்க் 11863, மைக்ரோடிக் 14988, யூபிக்விட்டி 41112. பெயர் தெரியாத கருவி ரேக்கில் கிடந்தால் 1.3.6.1.2.1.1.2.0 என்று கேளுங்கள். பதிலே ஓர் ஓஐடியாக வரும், அதில் இந்த எண்ணைப் பார்த்தால் தயாரிப்பாளர் யார் என்று தெரிந்துவிடும். வேறு பெயரில் ஒட்டி விற்கும் கருவிகளின் பிறப்பும் பல நேரம் இதில் வெளிப்படும்.

பாக்கெட் பிடித்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1.3 என்ற முதலிரண்டு எண்ணும் 40 பெருக்கல் 1 கூட்டல் 3 என்று சேர்ந்து ஒரே பைட்டாக, 43 என்று போகும். 127-க்கு மேற்பட்ட எண் 7 பிட் துண்டுகளாகப் பிரியும். கடைசித் துண்டைத் தவிர மற்றவற்றோடு 128 சேரும். 14988 என்பது 117 பெருக்கல் 128 கூட்டல் 12. ஆகவே கம்பியில் 245, 12 என்ற இரண்டு பைட்.

மிப் கோப்பைப் போட்ட பிறகும் பெயருக்குப் பதில் எண்ணே வருகிறதே?

உபுண்டு, டெபியனில் உரிமக் காரணத்தால் பொது மிப் கோப்புகள் கூடவே வருவதில்லை. எஸ்என்எம்பி-மிப்ஸ்-டவுன்லோடர் என்ற தொகுப்பை நிறுவி, எஸ்என்எம்பி அமைப்புக் கோப்பில் ‘மிப்ஸ்’ என்று தொடங்கும் வரியின் முன்னால் # குறி போட வேண்டும். தயாரிப்பாளரின் மிப்பை மட்டும் போட்டால் போதாது. அதன் தலையில் ‘இம்போர்ட்ஸ்’ பகுதியில் சொல்லியிருக்கும் மற்ற மிப்புகளும் இருந்தாக வேண்டும். பிழைச் செய்தியில் முதலில் வரும் பெயரைத் தேடிப் போடுங்கள், பின்னால் வரும் பிழைகள் அதோடு மறையும்.

யூபிஎஸ்ஸில் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று எதில் பார்ப்பது?

எஸ்என்எம்பி கார்டு உள்ள யூபிஎஸ்ஸாக இருக்க வேண்டும். 1994-இல் வந்த ஆர்எஃப்சி 1628 வகுத்த பொதுக் கிளை 1.3.6.1.2.1.33. அதில் 1.2.1.0 பேட்டரி நிலை: 2 சரி, 3 குறைவு, 4 தீர்ந்தது. 1.2.2.0 பேட்டரியில் ஓடிய நொடிகள். 1.2.3.0 மீதி நிமிடம். 1.2.4.0 மீதி சதவீதம். 1.2.5.0 பேட்டரி வோல்டேஜ், பத்தில் ஒரு பங்கு வோல்ட்டில்; 546 என்று வந்தால் 54.6 வோல்ட்.

அலகில்தான் ஏமாறுகிறோம். ஏபிசி-யின் சொந்தக் கிளையில் மீதி நேரம் 1.3.6.1.4.1.318.1.1.1.2.2.3.0, நொடியில் நூறில் ஒரு பங்காக. அரை மணி நேரம் பொதுக் கிளையில் 30, இங்கே 180000. பொதுக் கிளைக்கு வைத்த எச்சரிக்கை எல்லையை ஏபிசி கிளைக்கு நகல் எடுத்தால், பேட்டரி தீரும் வரை எச்சரிக்கை வராது. மிப் கோப்பில் அலகு என்ன என்று படிக்காமல் எல்லை வைக்காதீர்கள்.

மீதி நிமிடத்தை யூபிஎஸ் கணக்குப் போட்டுச் சொல்கிறது, அளந்து அல்ல. பேட்டரி பழசானால் 40 நிமிடம் என்று காட்டி 10-இல் அணையும். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊரில் பேட்டரியைப் பற்றி யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மெயினை அணைத்து, சுமையோடு உண்மையாக ஓடவிட்டுப் பாருங்கள்.

பிரிண்டர் டோனர் -3 என்று காட்டுகிறது.

பிழை இல்லை. ‘கொஞ்சம் இருக்கிறது, அளவு தெரியாது’ என்பதற்கான குறி. -2 என்றால் எதுவுமே தெரியாது.

பதிப்பு 3-க்கு மாறிய பிறகு சில ஆக்சஸ் பாயிண்டுகள் வந்து வந்து போகின்றன.

எஞ்சின் ஐடி-யை ஒப்பிடுங்கள். பதிப்பு 3-இல் ஒவ்வொரு ஏஜென்டுக்கும் தனியான எஞ்சின் ஐடி இருக்க வேண்டும், 5 முதல் 32 பைட் வரை. ஒரு கருவியின் அமைப்பை நகலெடுத்து மற்றவற்றில் ஏற்றும்போது இதுவும் சேர்ந்து நகலாகிவிடுவதுண்டு. அப்போது கண்காணிப்பு நிரல் இரண்டு கருவியை ஒன்றாக நினைத்து, ஒன்றின் கடிகாரத்தோடு மற்றதைப் பொருத்திப் பார்க்கிறது. 150 நொடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பதில் தள்ளப்படும். எஞ்சின் ஐடி-யை மாற்றினால் சரியாகும், ஆனால் பயனரின் கடவுச்சொல்லையும் மறுபடி கொடுக்க வேண்டும். சாவி அந்த ஐடி-யோடு சேர்த்து உருவாவதால் பழையது செல்லாது.

2சி-யிலேயே இருப்பவர்கள் ‘பப்ளிக்’ என்ற பெயரை இன்றே மாற்றுங்கள். கம்யூனிட்டி பெயர் மறைக்கப்படாமல் கம்பியில் போகிறது, விருந்தினர் வைஃபையும் அதே நெட்வொர்க்கில் இருந்தால் யாரும் படிக்கலாம்.

பதிலே வரவில்லை, பிழையும் இல்லை. எங்கே தொடங்குவது?

கம்யூனிட்டி பெயர் தவறென்றால் 2சி ஏஜென்ட் பெரும்பாலும் மௌனமாக இருந்துவிடும். ஆகவே கருவி அணைந்திருப்பதற்கும் பெயர் தவறியதற்கும் வெளியில் வித்தியாசம் தெரியாது. பிங் போகிறதா, ஏஜென்ட் இயக்கப்பட்டிருக்கிறதா, உங்கள் கணினியின் ஐபி அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா, நடுவில் ஃபயர்வால் யூடிபி 161-ஐ விடுகிறதா, கடைசியாகப் பெயரின் பெரிய, சிறிய எழுத்து. இந்த வரிசையில் பாருங்கள்.

சிஸ்டம் குழு மட்டும் வந்து மற்றவை வராவிட்டால் ஏஜென்டின் வியூ (அது காட்ட அனுமதிக்கும் பகுதி) குறுக்கப்பட்டிருக்கிறது. உபுண்டுவில் நிறுவியவுடன் இருக்கும் நிலையே அதுதான்.

வாக் பாதியில் ‘ஓஐடி நாட் இன்க்ரீசிங்’ என்று நின்றால் குற்றம் கருவியின் ஃபர்ம்வேரில். அடுத்தது எது என்று கேட்டால் முந்தையதையே காட்டுகிறது. ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், அதுவரை அந்த அட்டவணையைத் தவிர்த்து, வேண்டிய ஓஐடிகளைத் தனித்தனியாகக் கெட்டில் கேளுங்கள்.

கருவிகளை மேலாள நெட்கான்ஃப் நெறிமுறையும் யாங் மொழியும் வந்துவிட்டனவே, இதையெல்லாம் இனிக் கற்க வேண்டுமா?

யாங் மொழியில் தகவலுக்கு எண் கிடையாது, பெயரால் ஆன பாதை. போர்ட்டின் பெயரே அதன் திறவுகோல், அதனால் மேலே சொன்ன குறியீட்டு இடப்பெயர்ச்சி அங்கே எழாது. அமைப்பை மாற்ற அது எஸ்என்எம்பி-யைவிடப் பாதுகாப்பானது. ஆனால் உங்கள் ரேக்கில் இருக்கும் யூபிஎஸ், பிரிண்டர், எட்டு போர்ட் ஸ்விட்ச் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எஸ்என்எம்பி மட்டுமே தெரியும். அவை மாறும் வரை ஓஐடி படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.